படியில்லாத வீடு, நிபந்தனைக்கு உட்பட்டது

எங்கள் பிட்ஸ்பர்க்கில் வீடு கட்டியவர்கள் எல்லாரும் ஆட்டுக்குப் பிறந்தவர்களோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். மலைச்சரிவில் வீட்டை ஒட்டவைத்துவிட்டு, தெருவிலிருந்து வாசலுக்கு இருபது படி, வாசலிலிருந்து கூடத்துக்கு நாலு படி, கூடத்திலிருந்து குளியலறைக்குப் பதினாலு படி என்று போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். கால் நன்றாக இருக்கிறவனுக்கே மூச்சு வாங்கும். என் புருஷன் ரூடிக்கும் கால் இருக்கிறது. அது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் தண்டுவடத்தில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி தங்கவில்லை. அதுவரை நகரப் பேருந்துப் பணிமனையில் இருபத்தாறு வருஷம் என்ஜினுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன். நாங்கள் வாடகைக்கு இருந்தது பீச்வியூ பகுதியில் ஒரு வீட்டின் மாடி. இருபத்திரண்டு படி. ரூடி வெளியே போகவேண்டுமென்றால் மேல்படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குவான். நான் அவனுடைய சக்கர வண்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்குவேன். திரும்பி வந்ததும் அதே கூத்து, தலைகீழாக. இதனால் அவன் வைத்தியரிடம் போவதற்குத் தவிர வேறு எதற்கும் இறங்குவதை விட்டுவிட்டான். கேட்டால், "வெளிய என்ன இருக்கு, எல்லாம் பாத்ததுதானே" என்பான்.

அக்டோபரில், ரூடிக்கு உடற்பயிற்சி கொடுக்கிற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "தோள் மூட்டு ரெண்டும் தேஞ்சுட்டே வருது, சபோல் அம்மா. இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஏறி இறங்கினா, அப்புறம் கையும் உதவாது. படியில்லாத இடமாப் பாருங்க."

படியில்லாத ஒரு வீடு. அவன் தோள் போவதற்குள். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

எங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவள் ஒடெஸா டில்லார்ட். நல்ல உயரம், உரத்த சிரிப்பு, காரில் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வைத்திருப்பாள். விற்பனைக்கு வருகிற வீடெல்லாம் தெரிகிற மாதிரி என் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தவளும் அவள்தான். குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதையாகிவிட்டது. நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். முந்நூறு பிள்ளைகளுக்குப் பீட்சா வேகிற நேரத்தில்கூட அந்தச் செயலியைத் திறந்து மூடுவேன்.

"இன்னிக்கு இது எத்தனாவது தடவை?" என்பாள் கூட வேலை பார்க்கிற ஃபிலிஸ். "உன் புருஷன் மூஞ்சியக்கூட இத்தனை தடவ பாத்திருக்க மாட்டே."

"அவன் மூஞ்சி மாறாதுடி. இது மணிக்கு ஒரு தடவ மாறுது."

உண்மைதான். ஒவ்வொரு வீட்டுப் படத்துக்கும் மேலே ஒரு சின்னப் பட்டை, அதில் அந்த வீட்டின் நிலவரம். வீட்டைவிட அந்தப் பட்டைதான் என் உயிரை வாங்கியது. "விரைவில் வருகிறது" என்று ஒரு வீட்டுக்குப் போட்டிருந்தான். வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் வேலி ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் தெருவையே கூட்டிவிட்டது. அந்த நிலவரத்தில் இருக்கிற வீட்டை யாருக்கும் காட்டக்கூடாது, பார்க்கவும் போகக்கூடாது என்று ஒடெஸா திட்டினாள். சரி என்று காத்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை "விற்பனைக்கு" என்று மாறியது, திங்கள் மத்தியானம் "பெண்டிங்" ஆகிவிட்டது. அதாவது இரண்டு பக்கமும் பேசி முடித்து, பத்திரம் பதிவதுதான் பாக்கி. அந்த பெண்டிங் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

இன்னொரு தடவை "மீண்டும் விற்பனைக்கு" என்று ஒரு வீடு வந்தது. ஆகா, யாரோ வாங்க வந்தவன் ஓடிவிட்டான், நம் அதிர்ஷ்டம் என்று ஓடினேன். கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஓடிப்போன மாப்பிள்ளை சும்மாவா ஓடினான்! ஒடெஸா ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, மேலே பார்த்துச் சொன்னாள்: "மீன் வளக்கறதா இருந்தா நல்ல வீடும்மா."

ஜனவரி முதல் வாரத்தில் வெல்டன் தெரு வீடு வந்தது. செங்கல் வீடு, ஒரே தளம், நடைபாதையும் வாசலும் ஒரே மட்டம். கதவுகள் அகலம். தெருவும் சமதளம், கோடியில் கடைவீதி. எங்கள் ஊரில் இப்படி ஒன்று அமைவது குதிரைக்குக் கொம்பு முளைத்த மாதிரி. விற்கிறவர்கள் கங்கல் என்று ஒரு தம்பதி, ஃப்ளோரிடாவில் இருக்கிற மகனோடு போய்விடப் போகிறார்களாம். வியாழக்கிழமை செயலியில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஒரு முழம் பனி கொட்டியது, ரூடியை இறக்க முடியவில்லை. சனிக்கிழமை காலையில் போகலாம் என்று செயலியைத் திறந்தால் பட்டை மாறியிருந்தது.

"நிபந்தனைக்கு உட்பட்டது."

நான் சமையல் மேடையில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். ரூடி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"போச்சா?"

"பெண்டிங் இல்ல. நிபந்தனைன்னு போட்டிருக்கு."

"ஏதோ ஒண்ணு. யாரோ நாற்காலி போட்டாச்சு. விடு."

எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பனி கொட்டிய மறுநாள் அவனவன் இடுப்பொடிய வழித்துத் தன் காருக்கு ஓர் இடம் பண்ணுவான். வேலைக்குப் போகும்போது அந்த இடத்தில் வீட்டிலிருந்து ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். சட்டம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்காலியை நகர்த்திவிட்டுத் தன் காரை நிறுத்துகிறவனை யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். போலீஸ்காரனே சுற்றிக்கொண்டு போவான். எங்கள் அப்பா செத்தபோது சவ ஊர்தி இரண்டு தெரு தள்ளித்தான் நின்றது, வாசலுக்கு எதிரே யாருடையதோ ஒரு நாற்காலி இருந்ததால்.

அதனால் நான் ஒடெஸாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்தவன் நாற்காலி போட்ட இடத்தைப் பற்றி விசாரிப்பதே அநாகரிகம் என்றிருந்தேன். மூன்று வாரம் வேறு வீடுகளைப் பார்த்தோம். ஆனாலும் வெல்டன் தெருவைப் பட்டியலிலிருந்து அழிக்கக் கை வரவில்லை. தினமும் பார்ப்பேன். அந்தப் பட்டையும் மாறாமல் அப்படியே இருந்தது.

ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, "படியே இல்லை" என்று விளம்பரம் போட்ட ஒரு வீட்டுக்கு ஒடெஸாவும் நானும் போனோம். வாசலில் மூன்று படி.

"மூணெல்லாம் படிக் கணக்குல வராதாம்," என்றாள் ஒடெஸா.

அந்த மூன்றாம் படியிலேயே உட்கார்ந்து, "அந்த வெல்டன் தெரு வீடு மட்டும் கிடைச்சிருந்தா," என்றேன். "மூணு வாரமா நிபந்தனை, நிபந்தனைன்னே நிக்குது. எந்தப் புண்ணியவானோ, வாங்கித் தொலையவும் மாட்டேங்கறான்."

ஒடெஸா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மூணு வாரமா அதைப் பாத்துட்டா இருக்கீங்க?"

"ஒரு நாளைக்கு நாப்பது தடவ."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேக்க என்ன இருக்கு? அதான் ஒருத்தர் எடுத்தாச்சே."

"ஐயோ, என் தாயே!" ஒடெஸா தலையில் அடித்துக்கொண்டாள். "நிபந்தனைன்னா எடுத்தாச்சுன்னு யாரு சொன்னா? பெண்டிங்னா கல்யாணம் முடிஞ்சு விருந்து நடக்குதுன்னு வையுங்க. நிபந்தனைன்னா நிச்சயதார்த்தம், அவ்வளவுதான். அதுலயும் பல ரகம் இருக்கு. கடன் கிடைக்கணும்னு ஒரு நிபந்தனை, வீட்டைச் சோதிச்சுப் பாக்கணும்னு ஒரு நிபந்தனை. இது எந்த ரகம்னு கேட்டாத்தானே தெரியும்? இருங்க."

அங்கேயே நின்று கங்கல் தம்பதியின் ஏஜெண்டைக் கூப்பிட்டாள். பேசி முடித்துவிட்டுத் திரும்பியபோது அவள் கண் பளபளத்தது.

"கேளுங்க. வாங்க வந்தவங்க பக்கத்துல டார்மான்ட்ல இருக்காங்க. முதல்ல அவங்க வீடு வித்தாகணும், அப்பத்தான் இதை வாங்குவாங்க. அதுதான் நிபந்தனை. அந்த வீடு இன்னும் விக்கல. ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. நடுவுல வேற யாராவது நல்ல விலை சொல்லி வந்தா, கங்கல் அதை ஏத்துக்கலாம். ஏத்துக்கிட்டா, முதல் ஆளுக்கு எழுபத்திரண்டு மணி நேரம் கெடு. அதுக்குள்ள 'எங்க வீடு வித்தாலும் விக்காட்டியும் வாங்கிக்கறோம்'னு கையெழுத்துப் போடணும். இல்லன்னா, முன்பணத்தை வாங்கிக்கிட்டு விலகிடணும்."

"விலகினா?"

"நீங்கதான்."

மூன்று வாரம். ஒரு கேள்வி கேட்க வாய் வராமல் மூன்று வாரத்தை வீணாக்கியிருக்கிறேன். எனக்கு என்மேலேயே வந்த கோபத்துக்கு அந்த மூன்று படியையும் கையால் பெயர்த்தெடுத்திருப்பேன்.

ரூடியிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பான் என்று நினைக்கவில்லை. ஆனால் ஒரேயடியாக முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்றும் நினைக்கவில்லை.

"அது அடுத்தவன் நாற்காலி, பெர்னி."

"ஒப்பந்தத்திலயே எழுதியிருக்குடா!"

"எழுதியிருந்தா? தெருவில நாற்காலியை நகத்தக்கூடாதுன்னுகூடத்தான் எங்கயும் எழுதல. அவங்க ஆசைப்பட்டு முதல்ல வந்தாங்க. என் காலைக் காட்டி யார் இடத்தையும் நீ பிடுங்க வேணாம்."

"நாற்காலி போடற உரிமை யாருக்கு?" என்றேன். எனக்குச் சூடு ஏறிவிட்டது. "பனியை வழிச்சவனுக்கு. இவங்க வழிச்சாங்களா? இன்னும் மண்வெட்டியே கையில எடுக்கல. நாற்காலிய மட்டும் நடுத்தெருவுல போட்டுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கறாங்க!"

அவன் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. அடக்கியும்விட்டான். "பாக்க மட்டும் போலாம்," என்றான். "பாத்துட்டு வந்து இந்தப் பேச்சை விட்டுடணும்."

மறுநாள் போனோம். இருபத்திரண்டு படி இறங்க அன்று கால் மணி நேரம் ஆனது, இடது தோள் மூன்று தடவை பிடித்துக்கொண்டது. வெல்டன் தெருவில் காரை விட்டு இறக்கி வண்டியில் உட்காரவைத்தேன். வழக்கம்போல் பின்னாலிருந்து தள்ளப் போனேன்.

"கைய எடு," என்றான்.

தானே உருட்டிக்கொண்டு நடைபாதையில் போனான், வாசலைத் தாண்டினான், உள்ளே போனான். நிற்கவே இல்லை. நானும் ஒடெஸாவும் வாசலிலேயே நின்றுவிட்டோம். உள்ளே ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. குளியலறைக்குள் போய் வண்டியை ஒரு முழு வட்டம் சுற்றித் திருப்பினான். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒடெஸா மூக்கை உறிஞ்சினாள், சளி என்றாள்.

வீடு திரும்பினோம். மாடிக்கு ஏறிய பிறகு சொன்னான், "நல்ல வீடு. அவங்களுக்கு நல்லா இருக்கட்டும்."

அவ்வளவுதான். எனக்குள் ஏதோ அறுந்தது.

"இதக் கேட்டுக்கோ, ரூடி சபோல். கடன் என் பேர்ல. வேலை என்னுது. மூணு வருஷமா இந்த வண்டியத் தூக்கற முதுகும் என்னுது. நான் விலை எழுதிக் கொடுக்கப் போறேன். உன்கிட்ட மறைச்சுச் செய்யல, மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுச் செய்யறேன்."

"செய். என்னைக் கேக்காத."

"கேக்கல!"

திங்கள்கிழமை ஒடெஸா எழுதிக் கொடுத்தாள். கங்கல் தம்பதி ஒரு நாள் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு டார்மான்ட் ஆட்களுக்கு அறிவிப்புப் போனது. வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை கெடு.

அந்த மூன்று நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். புதன்கிழமை உருளைக்கிழங்கு மசியலில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டேன். பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். "உனக்கு வீடு கிடைக்கற வரைக்கும் நான் உப்பு டப்பாவைப் பூட்டி வச்சுக்கறேன்," என்றாள் ஃபிலிஸ். ஒடெஸா ஒரு நாளைக்கு ஒரு தடவை கூப்பிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்வாள். டார்மான்ட் ஆட்கள் வங்கியில் பேசிக் காசு புரட்டிவிட்டால், நிபந்தனையை எடுத்துவிட்டு அவர்களே வாங்கிக்கொள்ளலாம். அப்படி நடந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ரூடி என்னோடு பேசவில்லை. உப்பை எடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான் பேச்சு. நானும் பேசவில்லை. கோபம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அதற்கு அடியில் பயமும் இருந்தது. கிடைக்காவிட்டால் வீடும் போய், வீம்புக்குச் செய்தாய் என்ற பேரும் எனக்கு மிஞ்சும்.

வியாழக்கிழமை காலையில் நான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

"இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கு?"

நான் பொத்தானைப் போடாமல் நின்றேன். "முப்பத்தி நாலு."

"முப்பத்தி மூணு," என்றான். "இப்ப மணி எட்டு."

நான் போய் அவன் வண்டிக்கு எதிரே ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தேன்.

"எனக்கு வேணும், பெர்னி," என்றான். "அந்த வீடு எனக்கு வேணும். அந்தக் குளியலறையில வண்டிய ஒரே சுத்துல திருப்பினேன். அதுக்கப்புறம் ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. நாற்காலி, மரியாதை, அதெல்லாம் சும்மா சொன்னேன். அதாவது சும்மா இல்ல, பாதி நிஜம்தான். ஆனா ஆசைப்பட்டுக் கிடைக்காமப் போனா என்னால தாங்க முடியாது. ஆசையே படாம இருந்தா இந்த ஜன்னல் போதும்னு இருந்துடலாம்."

நான் அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன். அவன் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன், கொஞ்சம் திட்டினேன். மூன்று வருஷம் இந்த மனுஷன் வெளியே என்ன இருக்கு என்று சொன்னதை நம்பியிருக்கிறேனே என்று என்னையும் திட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு ஒடெஸா கூப்பிட்டாள். நான் வீட்டில் இருந்தேன். ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"உக்காந்திருக்கீங்களா?"

"என் புருஷன் உக்காந்திருக்கான். சொல்லுங்க!"

"விலகிட்டாங்க. கையெழுத்துப் போட்டாச்சு. வீடு உங்களுது."

ரூடிதான் கேட்டான். "அவங்க ரொம்ப வருத்தப்பட்டாங்களா?"

ஒடெஸா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று.

"வருத்தமா? அவங்க ஏஜெண்டு சொல்றதக் கேளுங்க. கையெழுத்துப் போட்ட ரெண்டாவது வாரமே அவங்களுக்கு மனசு மாறிடுச்சாம். மக குழந்தையோட திரும்பி வந்துட்டாளாம், இருக்கற வீட்டை விட மனசில்லையாம். ஆனா கங்கல் அவ்வளவு நல்லவங்க, காபி எல்லாம் போட்டுக் கொடுத்தாங்க, அவங்ககிட்ட போய் வேணாம்னு எப்படிச் சொல்றதுன்னு கூச்சமாம். அதனால தங்களோட வீட்டு விலையக் குறைக்காம அப்படியே வச்சுட்டு, யாராவது வந்து நம்மள மரியாதையாத் தள்ளிவிட மாட்டாங்களான்னு காத்துட்டே இருந்திருக்காங்க. செவ்வாய்க்கிழமை அறிவிப்பு வந்ததும் அந்தம்மா கேக் வெட்டினாங்களாம்!"

"அப்புறம் எதுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுத்தாங்க?" என்று கத்தினேன்.

"உடனே விலகினா கங்கல் மனசு புண்படுமாம்."

ரூடி சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறமும் சிரித்தான். "அவங்களுக்காக நான் உன்கூட மூணு நாள் பேசாம இருந்தேன்," என்றான்.

"எனக்குக் கொஞ்சம் காது ஓய்வா இருந்துச்சு," என்றேன்.

கெட்டவர்களால் வருகிற கஷ்டத்தைச் சமாளித்துவிடலாம், இந்த ஊர் நல்லவர்களோடு மாரடிக்க முடியாது. நானும் இந்த ஊர்க்காரிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலையே பட்டை மாறியது. பெண்டிங். எத்தனை நாள் அந்தச் சொல்லைச் சபித்திருப்பேன்! இப்போது அதே சொல்லை ஏழு வாரம் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டைச் சோதித்தவன் புகைபோக்கியில் விரிசல் என்றான், கங்கல் சரிசெய்து கொடுத்தார். வங்கிக்காரன் ஒரே தாளை நாலு தடவை கேட்டான். பட்டை மட்டும் அசையவில்லை. இந்த ஊரில் எங்கோ ஒருத்தி தன் சமையலறையில் நின்று வெல்டன் தெரு பெண்டிங் என்று பார்த்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் ஒரு வீடு கிடைக்கட்டும், ஆனால் இதைக் கேட்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் பதிவு முடிந்தது. பேருந்துப் பணிமனையிலிருந்து ரூடியின் சிநேகிதர்கள் ஆறு பேர் வந்து சாமான்களை இறக்கினார்கள். ரூடியையும் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருபத்திரண்டு படியும் கடைசித் தடவையாக அவனே இறங்கினான். இறங்கியதும் திரும்பிப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

குடிவந்து ஒரு வாரம் அவனுக்கு வீட்டுக்குள்ளேயே வேலை சரியாக இருந்தது. அலமாரி பூட்டினான், குளியலறையில் கைப்பிடி அடித்தான். வசந்தகால விடுமுறை, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் சமையலறையில் தட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ரூடி, அந்தக் கத்திரியக் கொண்டா," என்றேன்.

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். படுக்கையறையில் பார்த்தேன், குளியலறையில் பார்த்தேன், விழுந்து கிழுந்து வைத்தானோ என்று கட்டிலுக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தேன். கூடத்துக்கு வந்தால் வாசற்கதவு லேசாகத் திறந்திருந்தது. கொக்கியில் அவன் கோட்டைக் காணோம்.

வெளியே ஓடினேன். தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் நடைபாதையில் நின்றேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் புருஷன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

தேடிக்கொண்டு போயிருக்கலாம். கைப்பேசியில் கூப்பிட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. உள்ளே வந்து மறுபடி தட்டுகளை அடுக்கினேன். அடுக்கியதையே எடுத்து மறுபடியும் அடுக்கினேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தான். காது சிவந்திருந்தது, கோட்டின் மார்பில் ஏதோ சர்க்கரைத்தூள் சிந்தியிருந்தது. விசில் அடித்துக்கொண்டே வாசலைத் தாண்டி உள்ளே வந்தான்.

"எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்றேன்.

அவன் கோட்டைக் கழற்றினான். அவசரமே படவில்லை.

"எங்க போறேன், எப்ப வருவேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணுமா?" என்றான்.

"வேணாம்," என்றேன். "சொல்லவே வேணாம்."